கீமோ முடிந்த பிறகு பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி எப்போது திரும்பும்?

சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தால், அந்தக் குடும்பம் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களில்தான் பிள்ளைகளுக்கான தனிப் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. சபாக்கிலிருந்து போகும் வழி மட்டும் 100 கிலோமீட்டருக்கும் மேல். பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை சுமார் இரண்டு ஆண்டு, சிலருக்கு இரண்டரை ஆண்டு வரை நீடிக்கும். அத்தனை நாளும் தோட்டத்துக்கும் தலைநகருக்குமாக அலைந்த குடும்பத்துக்கு, கடைசி மாத்திரையை விழுங்கிய நாள் தீபாவளியைவிடப் பெரிய நாள்தான்.

அதன்பின் பிள்ளையின் தலையில் முடி அடர்ந்து வளர்கிறது. முகத்தில் களை வருகிறது. இரத்தப் பரிசோதனையிலும் எண்கள் சரியாக இருப்பதாகத் தாதியர் சொல்கிறார்கள். "இனி ஒரு பயமும் இல்லை, எல்லாப் பிள்ளைகளையும் போல விடுங்கள்" என்று உறவினர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சிகிச்சை முடிந்த நாள் வேறு, உடலின் எதிர்ப்புச் சக்தி முழுமையாகத் திரும்பும் நாள் வேறு. இரண்டுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் காய்ச்சலைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடுவதும், தடுப்பூசியை மறந்துவிடுவதும் ஆபத்தாக முடியலாம்.

மருந்து ஏன் நல்ல செல்லையும் தாக்குகிறது?

புற்றுநோய்ச் செல்லின் குணம் வேகமாகப் பெருகுவது. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, பெருகும் செல்களைத் தேடித் தாக்குகின்றன. நம் உடலிலும் இயல்பாகவே வேகமாகப் பெருகும் செல்கள் உண்டு. முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவை அவை. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்த அணுக்கள் குறைகின்றன.

இந்தச் சிகிச்சையின் தொடக்கத்தில் ஓர் இந்தியரின் பங்கு இருக்கிறது. அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பின்னர் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைத்தான் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் வெளியான அவரது அறிக்கை, அதுவரை கைவிடப்பட்ட நோயாகக் கருதப்பட்ட ஒன்று தற்காலிகமாகவாவது அடங்கும் என்று முதன்முறையாகக் காட்டியது. அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் பிள்ளைகளின் சிகிச்சையில் இருக்கிறது.

போலிக் அமிலம் இல்லாமல் செல் பெருக முடியாது. மெத்தோட்ரெக்சேட் அந்த வழியை அடைக்கிறது. புற்றுநோய்ச் செல்லோடு சேர்த்து எதிர்ப்புச் செல்லும் அதில் மாட்டிக்கொள்கிறது. இதில் பெற்றோருக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, சிகிச்சையின் பிற்பகுதியில் வீட்டில் விழுங்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மற்றொன்று, போலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எலும்பு மஜ்ஜை எப்படித் தப்பிக்கிறது என்ற கேள்வி எழலாம். எல்லா இரத்த அணுக்களுக்கும் தாயாக இருக்கும் மூலச் செல்கள் பெரும்பாலான நேரம் பெருகாமல் உறங்கிக் கிடப்பவை. ஆகவே மருந்தின் தாக்குதலிலிருந்து அவற்றில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்று மருந்துக்குப் பிறகும் மீண்டும் அணுக்களை உண்டாக்குபவை அவைதான்.

இரத்த அறிக்கையில் பார்க்க வேண்டிய எண்

வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. பாக்டீரியாக் கிருமிகளை முதலில் எதிர்கொள்பவை நியூட்ரோஃபில் எனப்படும் அணுக்கள். இவை இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. தினமும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும். தீவிரமான கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் இவற்றின் எண்ணிக்கை மிகவும் கீழே போகும். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல ஏறும்.

மொத்த வெள்ளை அணுவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பிள்ளையின் அறிக்கையில் மொத்த வெள்ளை அணு 2.0 என்றும், அதில் நியூட்ரோஃபில் 20 விழுக்காடு என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 0.4 வரும். அதாவது ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 400 நியூட்ரோஃபில். இந்த எண் 0.5-க்குக் கீழே, அதாவது 500-க்குக் கீழே இருந்தால் கடுமையான குறைவு. அந்த நிலையில் பிள்ளையின் சொந்த வாயிலும் குடலிலும் எப்போதும் வாழும் கிருமிகூட இரத்தத்துக்குள் நுழைந்துவிடலாம்.

ஒரே அளவு மருந்து சாப்பிட்டும் ஒரு பிள்ளைக்கு எண் கொஞ்சம் இறங்க, இன்னொரு பிள்ளைக்கு அதலபாதாளத்துக்குப் போவது உண்டு. தினமும் கொடுக்கும் மெர்கேப்டோப்யூரின் மாத்திரையில் இது அதிகம் நடக்கிறது. என்யூடிடி15 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2014-க்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. கிழக்கு ஆசிய வம்சாவளியினரிடம் இந்த மாற்றம் அதிகம். இந்திய வம்சாவளியினரிடமும் காணப்படுகிறது. ஆகவே மருத்துவர் அடிக்கடி இரத்தம் எடுத்து மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் குழப்பத்தால் அல்ல. அந்தப் பிள்ளையின் உடலுக்கு ஏற்ற அளவைத் தேடும் வேலை அது.

காய்ச்சல் வந்தால் முதல் ஒரு மணி நேரம்

எதிர்ப்பு அணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையின் உடம்பில் சீழ் கட்டாது, வீக்கம் அதிகம் தெரியாது. சீழாகத் திரள்வதே நியூட்ரோஃபில்கள்தான். போரிட ஆள் இல்லாத இடத்தில் போரின் அடையாளமும் இருக்காது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை.

அதனால்தான் 38 பாகை செல்சியஸ் என்ற எண்ணை வார்டில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு 38 பாகையை எட்டினால் அது அவசரம். பெனடோல் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்ப்பது கூடாது. பெனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. குளிர் நடுக்கம், வழக்கமில்லாத சோர்வு, வேகமான மூச்சு, கைகால் சில்லிட்டுப் போவது ஆகியவை காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆபத்தின் அறிகுறிகள்.

மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக முதல் ஆண்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. சபாக்கிலோ செகிஞ்சானிலோ இருக்கும் குடும்பத்துக்கு இதில்தான் சிக்கல். பிள்ளையை நன்கு அறிந்த வார்டு தலைநகரில் இருக்கிறது. காய்ச்சலோ நள்ளிரவில் தோட்ட வீட்டில் வருகிறது. நேரே கோலாலம்பூருக்கு ஓட்டுவதா, சபாக் பெர்ணத்தின் தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனைக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ முதலில் போவதா?

இந்தக் கேள்விக்கான விடையைக் காய்ச்சல் வரும் முன்பே வார்டு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைப்பது நல்லது. பொதுவாக, வழி தூரமாக இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதல் மருந்தை ஏற்றிக்கொண்டு பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதே பாதுகாப்பு. பிள்ளையின் நோய், கடைசியாகக் கொடுத்த மருந்து, கடைசி இரத்த எண், வார்டின் தொலைபேசி எண் ஆகியவை ஒரே தாளில் எழுதப்பட்டு, வண்டியிலோ அம்மாவின் கைப்பையிலோ எப்போதும் இருக்கட்டும். அவசரப் பிரிவின் பதிவு முகப்பில் "கீமோ எடுக்கும் பிள்ளை, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டிய காய்ச்சல் இது அல்ல.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில்

சிகிச்சை முற்றிலும் முடிந்த பிறகு எதிர்ப்புச் செல்கள் எப்படித் திரும்புகின்றன என்பதைத் தோட்டத்து மக்களுக்குப் புரியவைக்க மறுநடவு ஒன்றே போதும். பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடும்போது, மண்ணைக் காக்க மூடுகொடி விதைப்பார்கள். சில மாதத்தில் நிலமெங்கும் பச்சை படர்ந்துவிடும். சாலையிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டம் செழித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் நட்ட கன்று குலை தள்ள ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். பச்சை தெரிகிறது என்பதற்காக யாரும் மறுநாளே குலை வெட்டப் போவதில்லை.

நியூட்ரோஃபில்தான் அந்த மூடுகொடி. கடைசி மருந்துக்குப் பிறகு சில வாரத்திலேயே அது இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறது. வழக்கமான இரத்த அறிக்கையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் இயற்கைக் கொலைச் செல்களும் விரைவாகத் திரும்பும் வகையைச் சேர்ந்தவை.

அடுத்து பி செல்கள். எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் வேலை இவற்றின் வழியாக நடக்கிறது. இவற்றின் எண்ணிக்கை சில மாதத்தில் நிரம்பிவிடும். ஆனால் திரும்பி வருபவை பெரும்பாலும் புதுச் செல்கள், அதாவது இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காதவை. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் நிரம்ப ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

எல்லாவற்றிலும் மெதுவாகத் திரும்புபவை டி செல்கள். இவை எதிர்ப்புப் படையின் தண்டல்கள் போல. எந்தச் செல் எங்கே போக வேண்டும், எதைத் தாக்க வேண்டும் என்று ஆணையிடுபவை. குறிப்பாக உதவி டி செல்கள் பழைய அளவுக்கு வர ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதற்குக் காரணம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு உறுப்பு.

பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த பலம்

அந்த உறுப்பின் பெயர் தைமஸ் சுரப்பி. டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தைமஸில் பள்ளிப்படிப்பு முடித்து வெளியே வருகின்றன. சொந்த உடலைத் தாக்கக் கூடாது, அந்நியக் கிருமியைத் தாக்க வேண்டும் என்ற பாடம் அங்கேதான் கற்பிக்கப்படுகிறது. இந்த உறுப்பு எதற்கு இருக்கிறது என்பதே 1961 வரை மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு எலிகளைக் கொண்டு அதை விளக்கினார்.

தைமஸ் பிள்ளைப் பருவத்தில்தான் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறும். கீமோ மருந்தும் இதைச் சுருக்கிவிடுகிறது. ஆனால் பிள்ளைகளிடம் மருந்து நின்றதும் இது மீண்டும் வளர்கிறது. சில வேளைகளில் முன்பிருந்ததைவிடப் பெரிதாகவும் வளர்வதுண்டு. சிகிச்சைக்குப் பின் எடுக்கும் நெஞ்சுப் படத்தில் இப்படி ஒரு நிழல் தெரிந்தால் அது நோய் திரும்பியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்துச் சொல்வார்.

அமெரிக்காவில் கிரிஸ்டல் மெக்கால் என்ற மருத்துவரின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு, கீமோவுக்குப் பிறகு வயது குறைந்தவர்களிடம் உதவி டி செல்கள் வேகமாகவும் வயது கூடியவர்களிடம் மெதுவாகவும் திரும்புவதைக் காட்டியது. தைமஸ் மீண்டும் வளர்ந்தவர்களிடம் மீட்சி நன்றாக இருந்தது. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. சிறு வயதில் உடல் தன்னைத் தானே கட்டியெழுப்பும் திறன் அதிகம். ஆனாலும் அதற்குரிய காலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

கீமோ முடிந்த பிறகும் பேக்ட்ரிம் ஏன்?

சிகிச்சைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் பேக்ட்ரிம் மருந்து கொடுப்பது வழக்கம். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நுரையீரல் அழற்சியைத் தடுக்கவே அது. ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாத இந்தப் பூஞ்சை, டி செல் குறைந்தவரின் உயிரைப் பறித்துவிடும்.

டி செல்தான் கடைசியாகத் திரும்புகிறது என்பதை நினைவில் வைத்தால், கீமோ முடிந்தும் இந்த மருந்தைச் சில மாதம் தொடரச் சொல்வதன் காரணம் விளங்கும். "புற்றுநோய் மருந்தே நின்றுவிட்டது, இது எதற்கு?" என்று வீட்டிலேயே முடிவு செய்து நிறுத்தும் மருந்துகளில் இது முதலிடத்தில் வரக்கூடியது. வார்டு மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

தடுப்பூசிப் புத்தகம் நிரம்பியிருக்கும், உடலில் இருக்காது

பெற்றோர் பலரும் அறியாத விஷயம் இது. பிள்ளை பிறந்தது முதல் போட்ட தடுப்பூசிகளின் பலன், எதிர்ப்புப் புரதமாகவும் நினைவுச் செல்லாகவும் உடலில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் செல்களில் பல எலும்பு மஜ்ஜையில் குடியிருப்பவை. கீமோ அவற்றையும் அழிக்கிறது. சிகிச்சை முடிந்த பிள்ளைகளைப் பரிசோதித்தால், தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்கு எதிரான காப்பு கணிசமான பிள்ளைகளிடம் குறைந்தோ இல்லாமலோ போயிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மலேசியாவில் தட்டம்மைக்கான கூட்டுத் தடுப்பூசி 9 மற்றும் 12 மாத வயதில் போடப்படுகிறது. இந்த இரத்தப் புற்றுநோய் அதிகம் வருவதோ 2 முதல் 5 வயதுக்குள். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தில் கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பிள்ளையைச் சுகாதார கிளினிக்குக்குக் கொண்டுபோனால், "எல்லா ஊசியும் போட்டாயிற்றே" என்ற பதில் வருவது இயல்பு. புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசிகள் தந்த நினைவில் ஒரு பகுதியை உடல் இழந்திருக்கலாம்.

உயிரற்ற தடுப்பூசிகளின் ஊக்க ஊசியை, கீமோ முடிந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்குவது பொது நடைமுறை. தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். டி செல்களும் பி செல்களும் ஓரளவு திரும்பாமல் உயிருள்ள ஊசியைப் போட்டால், தடுக்க வேண்டிய கிருமியே நோயை உண்டாக்கலாம். சரியான நாளைப் பிள்ளையின் புற்றுநோய் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதைக் கடிதமாக எழுதி வாங்கி, ஊர் கிளினிக்கில் கொடுத்தால் குழப்பம் இருக்காது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் கணக்கு தனி. அவர்களுக்குத் தடுப்பூசிகளை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், காத்திருக்கும் காலமும் நீளம்.

அதுவரை அந்தப் பிள்ளைக்கு வேலி, சுற்றியிருப்பவர்கள்தான். தட்டம்மை பரவாமல் இருக்க 100-இல் 95 பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வீட்டிலுள்ள அண்ணன், அக்காள், தாத்தா, பாட்டி தங்கள் ஊசிகளைத் தவறவிடாமல் போட்டுக்கொள்வதும், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி. பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும்போது, அதன் விளைவு அவர் வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

அம்மை கண்ட வீட்டுக்குப் போய் வந்தால்

சின்னம்மை மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துத் தொல்லை. டி செல் குறைந்த பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடிய பெரும் நோய். மலேசியாவின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசி இடம்பெறாததால், பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் அது அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கும்.

சின்னம்மையோ அக்கியோ தட்டம்மையோ கண்ட ஒருவருடன் பிள்ளை ஒரே அறையில் இருந்தது தெரிய வந்தால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. அன்றே வார்டைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நோய் வருமுன் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் முதல் சில நாளுக்குள் கொடுத்தால்தான் பலன். வேப்பிலை வைப்பதும் விளக்கேற்றுவதும் குடும்பத்தின் நம்பிக்கை. அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவமனைக்கான அழைப்பு அதற்கு முன்னால் போகட்டும்.

வீடு, பள்ளி, கோயில்

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நியூட்ரோஃபில் மிகவும் குறைந்திருக்கும் நாள்களில் கட்டுப்பாடு அதிகம். சிகிச்சை முடிந்து மாதங்கள் நகர நகர அது தளர வேண்டும். பள்ளிக்குத் திரும்புவதும் நண்பர்களோடு விளையாடுவதும் மீட்சியின் ஒரு பகுதிதான். எப்போது தளர்த்தலாம் என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவரிடம் கேட்கலாம்.

சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் வரும் தொடக்க மாதங்களிலும் தோட்டத்து வீடுகளில் கவனிக்க வேண்டியவை சில.

கை கழுவுவதுதான் முதல் காப்பு. வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் கூச்சப்படாமல் சொல்லலாம்.

குடிக்கும் நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். இறைச்சி, மீன், முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். கோல சிலாங்கூர், செகிஞ்சான் பக்கம் விரும்பிச் சாப்பிடும் அரைவேக்காட்டுக் கெராங் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

மண் கிளறும் வேலை, எருக்குழி, கோழிக் கொட்டகை சுத்தம் செய்வது, தூசி பறக்கும் கோத்தோங் ரோயோங் ஆகியவற்றிலிருந்து பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டும். பூஞ்சை விதைகள் தூசியில் பறக்கின்றன. நம் நாட்டு ஈர மண்ணிலும் நீரிலும் மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவும் வாழ்கிறது. காலில் செருப்பில்லாமல் சேற்றில் இறங்க விடக் கூடாது.

கோயில் திருவிழாவின் உச்ச நெரிசலைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த காலை வேளையில் பிள்ளையை அழைத்துப் போகலாம். இருமல், காய்ச்சல் உள்ள உறவினர் அந்த நாள்களில் வீட்டுக்கு வராமல் இருப்பதே அன்பு.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் பொடிகள், லேகியங்கள், பப்பாளி இலைச் சாறு போன்றவற்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஈரலில் கீமோ மருந்தோடு மோதக்கூடியவை அவற்றில் இருக்கலாம். டி செல்லை வேகமாக வளர்க்கும் பொடி எதுவும் கிடையாது. நல்ல சாப்பாடு, தூக்கம், காலம் ஆகியவைதான் அந்த வேலையைச் செய்கின்றன.

பல ஆண்டு கழித்தும் கவனம்

மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 என்ற கூட்டுச் சிகிச்சை ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் அதில் பங்கேற்றது. 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் சிகிச்சை பெற்றனர். ஆறு ஆண்டுக் கணக்கில் 100-க்கு ஏறக்குறைய 88 பேர் உயிருடன் இருந்தனர். அந்த ஆய்வின் சிறப்பு, உடலில் எஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்லை நுட்பமாக அளந்து, நோய் நன்றாக அடங்கிய பிள்ளைகளுக்குக் கடுமையான மருந்துகளைக் குறைத்ததுதான். மருந்து குறைந்தால் நல்ல செல்களுக்கு ஏற்படும் சேதமும் குறையும்.

பிழைத்து வளர்ந்தவர்களையும் அதே பல்கலைக்கழகம் தொடர்ந்து கவனித்தது. பேராசிரியர் ஹானி அரிஃபினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், சிறுவயதில் இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு இளைஞர்களான மலேசியர்களின் எதிர்ப்புச் செல்கள் பரிசோதிக்கப்பட்டன. சில அளவீடுகளில் அவை அதே வயதினரைவிட முதியவர்களின் செல்களை ஒத்திருந்தன. உடலில் மெல்லிய அழற்சி நீடிப்பதற்கான அடையாளங்களும் காணப்பட்டன.

இதைப் படித்துப் பெற்றோர் பயப்படத் தேவையில்லை. அவர்களில் பலர் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்பவர்கள். ஆனால் ஐந்தாண்டு கடந்துவிட்டது, இனி மருத்துவமனைப் பக்கம் போக வேண்டியதில்லை என்ற எண்ணம் சரியல்ல என்பதை இந்த முடிவுகள் காட்டுகின்றன. புகை, மது, உடல் பருமன் ஆகியவை இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சுமை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போவதும், எந்த மருத்துவரிடம் போனாலும் சிறுவயதில் பெற்ற சிகிச்சையைச் சொல்வதும் வாழ்நாள் பழக்கமாக வேண்டும்.

கடைசி மருந்து நாளில் கேட்க வேண்டியவை

வார்டிலிருந்து விடைபெறும் மகிழ்ச்சியில் கேட்க மறந்துவிடக் கூடிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

இனிக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்? நெஞ்சில் பொருத்திய மருந்துக் குழாய் இன்னும் இருந்தால் கேள்வி இன்னும் முக்கியம், ஏனெனில் அதன் வழியாகவும் கிருமி நுழையும்.

பேக்ட்ரிம் எந்த மாதம் வரை?

தடுப்பூசிகளை எப்போது மீண்டும் தொடங்குவது, எவை, எங்கே? அதற்கான கடிதம் கிடைக்குமா?

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? வகுப்பில் அம்மை கண்டால் எங்களுக்கு உடனே தெரிவிக்கும்படி ஆசிரியருக்குக் கொடுக்க ஒரு குறிப்பு எழுதித் தருவீர்களா?

கொடுத்த மருந்துகளின் முழுப் பட்டியலும் மொத்த அளவும் கொண்ட சுருக்க அறிக்கை கிடைக்குமா?

பயணச் செலவும் தங்குமிடமும் சிரமமாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சமூகநலப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மலேசியத் தேசிய புற்றுநோய்ச் சங்கம், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்காகக் கோலாலம்பூரில் ஓர் இல்லம் நடத்துகிறது. பஸ் காசு இல்லை என்பதற்காக ஒரு பரிசோதனை நாளைத் தள்ளிப்போடுவதைவிட, கேட்டு உதவி பெறுவது மேல்.

இரண்டு ஆண்டு ஊசிக்கும் மாத்திரைக்கும் தாக்குப்பிடித்த பிள்ளைக்கு, உடல் தன் படையை மீண்டும் திரட்டிக்கொள்ள இன்னும் ஓர் ஆண்டு வேண்டும். அந்த ஓர் ஆண்டுக்குப் பெற்றோர் வைத்துக்கொள்ள வேண்டியவை பெரிய கருவிகள் அல்ல. வேலை செய்யும் ஒரு வெப்பமானி, வார்டின் தொலைபேசி எண், தடுப்பூசிக்கான ஒரு கடிதம் ஆகிய மூன்றும் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதியை அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் பார்த்துக்கொள்ளும்.